பாய்மரப் படகின் காக்பிட்டுக்கு ஒரு கெட்டியான கூரை

கடல் கடக்கும் பாய்மரப் படகுகளின் காக்பிட்டில், அதாவது சுக்கான் பிடிப்பவர் இருக்கும் திறந்த பகுதியில், கேபின் வாசலுக்கு முன்னே துணிக்கூரை மாட்டுவதே வழக்கம். வெயிலில் அதன் தையல் நூல் இற்றுவிடும்; பெரிய அலை அடித்தால் குழாய்ச் சட்டமே வளைந்துவிடும். பிளைவுட்டும் இபாக்சி என்னும் இறுகும் பிசினும் கொண்டு கட்டும் கூரை இரண்டையும் தாங்கும்.

முதல் வேலை, மாதிரி. மரச்சட்டங்களாலும் அட்டையாலும் முழு அளவில் செய்து, படகின் மேலேயே கட்டிவையுங்கள். இதற்கு எத்தனை நாள் ஆனாலும் தகும். சுக்கானைப் பிடித்தபடி நின்று பாருங்கள். கூரையின் விளிம்பு கண்ணுக்கு நேராக வந்தால் அந்த உயரம் கூடாது. பார்வை கூரைக்கு மேலாகவோ அதன் முன்பக்க ஜன்னல் கண்ணாடி வழியாகவோ போக வேண்டும். கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சின் கைப்பிடியை முழுச் சுற்று சுற்றி, கூரையில் இடிக்கிறதா என்று பாருங்கள். பாயைச் சுருக்கும்போது பூம் (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பு) எவ்வளவு தாழுமோ அவ்வளவு இறக்கி, இருபுறமும் ஆட்டுங்கள். கேபினிலிருந்து ஏறிப் பக்கத் தளத்துக்குப் போய்வாருங்கள். பிறகு கரையில் நின்று தூரத்திலிருந்து பாருங்கள். படகின் கோடுகளோடு ஒட்டாத கூரை என்றைக்கும் உறுத்தும்.

அடுத்து, வளைந்த விலாச்சட்டங்களால் அச்சு செய்து பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். அதன்மேல் 4 மி.மீ. மெரைன் பிளைவுட்டை மூன்று அடுக்காக இபாக்சி பூசி ஒட்டுங்கள். மெல்லிய அடுக்குகள் எளிதில் வளையும். காய்ந்தபின் வளைவு அதிகம் நிமிராது. கையுறை கட்டாயம். இருபுறமும் ஃபைபர்கிளாஸ் துணி ஒட்டி, காய்ந்ததும் தண்ணீரால் கழுவிய பிறகே உரசுங்கள். வெயில் இபாக்சியைக் கெடுக்கும் என்பதால் மேலே வெள்ளைப் பெயின்ட் தேவை.

ஜன்னலுக்கு நான் அக்ரிலிக்கையே சொல்வேன். பாலிகார்பனேட் அடி தாங்கும், ஆனால் எளிதில் கீறல் விழும். ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 2 மி.மீ. நீளும். எனவே போல்ட்டைவிடப் பெரிய துளை போடுங்கள்; இறுக்கினால் விரிசல் விடும். நடு ஜன்னல் திறக்கும்படி இருக்கட்டும். இரவில் உப்புநீர் படிந்த கண்ணாடி வழியே எதுவும் தெரியாது.

பின்விளிம்பில் கைப்பிடி அவசியம். ஆடும் படகில் ஆளின் முழு எடையும் அதில்தான் விழும். போல்ட் துளைகளைப் பெரிதாகப் போட்டு, கெட்டி இபாக்சியால் நிரப்பி, மறுபடி துளையிடுங்கள். பலகைக்குள் நீர் இறங்காது. அடியில் அகலமான தகடு வையுங்கள். திசைகாட்டிக்கு அருகே இரும்புத் திருகு வேண்டாம்.

கூரையைத் தளத்தோடு ஒட்டாமல் போல்ட்டால் பூட்டுங்கள், என்றாவது கழற்ற வேண்டிவரும். கூரையின் ஓரத்தில் சிறு வரப்பு வைத்துக் குழாய் இணைத்தால், மழைநீர் தொட்டிக்கே வந்துசேரும்.