கேம் நெட்வொர்க்கில் தகவல் கசிந்தால் எதை முதலில் பூட்டுவது?

ஏதோ ஒரு கேம் கம்பெனியில் தகவல் கசிந்துவிட்டது என்று செய்தி வந்தால் பலரும் முதலில் ஓடுவது கார்டை பிளாக் செய்யத்தான். தப்பில்லை, ஆனால் வரிசை மாறிவிடுகிறது. கார்டு போனால் பத்து நாளில் புதுக் கார்டு வந்துவிடும். மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் ஜோடியாகப் போனால், அதே ஜோடியை வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அங்கெல்லாம் கதவு திறந்துகொள்ளும்.

2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஏறத்தாழ 7.7 கோடி கணக்குகளின் விவரம் வெளியேறியது. 20-ஆம் தேதி சேவையை நிறுத்திய சோனி, விவரங்கள் திருடு போனதை வாடிக்கையாளர்களிடம் சொன்னது 26-ஆம் தேதி. கார்டு எண்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன, அதாவது படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்பட்டிருந்தன என்றது. பெயர், முகவரி, பிறந்த தேதி, மெயில் ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த விஷயத்துக்காக 2013 ஜனவரியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதே 2011 நவம்பரில் கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தின் தரவுத்தளத்திலும் ஊடுருவல். 2020-ல் நின்டெண்டோவில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது: பழைய லாகின் முறை வழியாகச் சுமார் 3 லட்சம் கணக்குகளுக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். லாகின் விவரங்கள் தங்களிடமிருந்து போகவில்லை, வேறு எங்கோ திருடப்பட்டவை என்றது கம்பெனி. ஓர் இடத்தில் கசிந்த ஜோடியை இன்னொரு இடத்தில் போட்டுப் பார்க்கும் வேலை இது. இதற்குப் பெரிய ஹேக்கர் தேவையில்லை, பட்டியலும் ஒரு சின்ன புரோகிராமும் போதும்.

ஆகவே பணம் இன்னும் போகவில்லை என்றால் வரிசை இதுதான்: மெயில், கேம் கணக்கு, அப்புறம் கார்டு. பணம் போய்விட்டது என்றால் நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள், மற்றதெல்லாம் பிறகு.

மெயில்

கேம் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் மெயிலுக்குத்தான் வரும். மெயில் திருடன் கையில் இருக்கும்போது கேம் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் வீண். ஜிமெயிலில் பாஸ்வேர்டை மாற்றி, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியை விட, போனிலேயே லாகின் எண்ணைக் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப் மேல். உங்கள் எண்ணுக்குத் திருடன் வேறு சிம்மை ஏமாற்றி வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவனுக்குத்தான் போகும். போன் கையில் இல்லாதபோது நுழைய கூகுள் தரும் 10 பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், போன் தொலையும் அன்று கோடும் கூடவே தொலைந்துவிடும்.

பலர் விட்டுவிடும் ஓர் இடம்: ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவன் 'ஸ்டீம்' அல்லது 'பிளேஸ்டேஷன்' என்ற சொல் உள்ள மெயில் வந்தால் இன்பாக்ஸில் காட்டாமல் டிராஷுக்கு அனுப்பு என்று ஃபில்டர் போட்டு வைத்திருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அழியாது. நீங்கள் போடாத ஃபில்டர் இருந்தால் நீக்கிவிட்டு, கூகுள் கணக்கின் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாத சாதனங்களை சைன்-அவுட் செய்யுங்கள்.

உங்கள் மெயில் எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று பார்க்க 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் இருக்கிறது. 2019-ல் கசிந்த சிங்கா கேம் கம்பெனியின் கணக்குகள் 17 கோடிக்கு மேல் அதில் உண்டு. அங்கே பாஸ்வேர்டைச் சோதிக்கும் பக்கம் தனி: பாஸ்வேர்டு முழுதாக அங்கே போகாது, அதன் ஹாஷின் (பாஸ்வேர்டைக் கணக்கிட்டு மாற்றிய எழுத்துத் தொடர்) முதல் 5 எழுத்துகள் மட்டும்தான் போகும். மற்ற எந்தத் தளத்திலும் 'உங்கள் பாஸ்வேர்டு கசிந்ததா, அடித்துப் பாருங்கள்' என்றால் அடிக்காதீர்கள்.

கேம் கணக்கு

பாஸ்வேர்டு இந்த ஒரு கணக்குக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். கடைசியில் ஓர் எண்ணை மாற்றிப் போடுவதெல்லாம் புதுப் பாஸ்வேர்டு ஆகாது. நினைவில் வைக்க முடியாதுதான், பாஸ்வேர்டு மேனேஜரைப் பயன்படுத்துங்கள். ஸ்டீமில் 'ஸ்டீம் கார்டு' (Steam Guard, பணக் கார்டு அல்ல, பாதுகாப்பு வசதி) மொபைல் ஆத்தென்டிகேட்டரைப் போட்டு, ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் மீட்புக் கோடை எழுதி வையுங்கள். ஸ்டீமின் ஏபிஐ கீ (உங்கள் கணக்கை வேறு புரோகிராம் இயக்க உதவும் சாவி) பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் கேட்காத கீ அங்கே இருந்தால் ரத்து செய்யுங்கள். போலித் தளத்தில் லாகின் செய்தவர்களின் டிரேடு பொருட்கள் திசைமாறிப் போவது இந்தக் கீ வழியாகத்தான்.

பிளேஸ்டேஷனில் 2-ஸ்டெப் போட்டபின் 'சைன் அவுட் ஆன் ஆல் டிவைசஸ்' கொடுங்கள். வாங்கும்போது பாஸ்வேர்டு கேட்கும் செட்டிங்கையும் ஆன் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் வாலட்டில் கிடக்கும் பணத்தை கன்சோலில் உட்காரும் யாரும் செலவழிக்கலாம்.

கடலூரிலோ புதுச்சேரியிலோ மணிக்கணக்கு வாடகைக்கு பிஎஸ்5 விளையாடும் கடையில் சொந்தக் கணக்கில் நுழைபவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுந்து போகும்போது கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போனால் கணக்கு அங்கேயே இருக்கும். செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ், யூசர்ஸ், டெலீட் யூசர் என்று போய் உங்கள் பெயரை நீக்கிவிட்டு எழுங்கள். 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' ஆன் ஆகியிருந்தால் நீக்கும் முன்பே அணையுங்கள். கடை கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்றால் பாஸ்வேர்டை டைப் செய்யவே வேண்டாம், போனில் உள்ள ஸ்டீம் ஆப்பால் க்யூஆர் ஸ்கேன் செய்து நுழையலாம். கீபோர்டு அடிகளைப் பதிவு செய்யும் நிரல் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தாலும் அதற்குப் பாஸ்வேர்டு கிடைக்காது.

கார்டும் யுபிஐயும்

2022 அக்டோபர் 1 முதல் நம் நாட்டு வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, அதற்குப் பதிலான மாற்று எண், அதாவது டோக்கன் மட்டும்தான் வைக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டுமே அது பொருந்தும். வெளிநாட்டுக் கடை உங்கள் எண்ணைச் சேமிக்கலாம், பல வெளிநாட்டுக் கடைகள் ஓடிபி கேட்காமலேயே பணம் எடுக்கலாம். 'ஓடிபி வராமல் எப்படிப் போச்சு?' என்று வங்கியில் போய்ச் சண்டை போடுபவர்கள் பாதிப் பேருக்கு இதுதான் பதில்.

வங்கி ஆப்பைத் திறந்து 'இன்டர்நேஷனல்' பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். வாங்கும் அன்று ஆன் செய்து, வாங்கி முடிந்ததும் அணைத்துவிடலாம். கூடவே ஆன்லைன் வரம்பை ரூ. 2,000 மாதிரி குறைத்துவிட்டால் கசிந்தாலும் இழப்பு அதோடு நிற்கும். இன்னும் நல்லது, சம்பளக் கணக்கின் கார்டை கேமில் போடாமல் இருப்பது. ரூ. 500, 1,000 மட்டும் கிடக்கும் இன்னொரு சேமிப்புக் கணக்கில் யுபிஐயை இணைத்து அதிலிருந்து வாங்குங்கள். ஸ்டீம் யுபிஐயை ஏற்கிறது.

வாலட் கோடு வாங்கினால் கசிவதற்குக் கார்டே இல்லை. ஆனால் கோடு உங்கள் கணக்கின் நாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும், இந்தியக் கணக்கில் அமெரிக்க பிளேஸ்டேஷன் கோடு ஏறாது. டெலிகிராமில் ஆயிரம் ரூபாய் கோடு அறுநூறுக்கு என்றால் பெரும்பாலும் திருட்டுக் கார்டில் வாங்கியது. கார்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்த பிறகு கோடு செல்லாததாகும், சில நேரம் உங்கள் கணக்கும் பூட்டப்படும்.

அம்மா போனில் பிஜிஎம்ஐ கேம் விளையாடி யூசி (கேமுக்குள் செலவாகும் காசு) வாங்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' எப்போதும் கேட்கும்படி வையுங்கள். பிள்ளையின் கைரேகை அந்தப் போனில் பதிவாகியிருந்தால் அந்தப் பூட்டும் பூட்டல்ல. சிறு தொகைகளுக்கான யுபிஐ லைட்டுக்கு பின் நம்பர் தேவையில்லை என்பதால் அந்த போனில் அதை நிறுத்தி வைப்பதே சரி. பணம் 'பெற' பின் நம்பர் போடச் சொன்னால் அது ஏமாற்று; பணம் வருவதற்கு பின் நம்பர் ஒருபோதும் வேண்டாம்.

காசு வைத்து ஆடும் ஆப்கள் இந்தப் பேச்சிலேயே வராது. 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் அவற்றைத் தடை செய்துவிட்டது. இப்போதும் டெபாசிட் கேட்பவை சட்டத்துக்கு வெளியே இருப்பவை, அங்கே கார்டைக் கொடுத்தால் கேட்க நாதியில்லை.

பணம் போய்விட்டால்

முதல் போன் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு. கையில் இருக்க வேண்டியவை: தொகை, நேரம், வங்கிப் பெயர், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்துவதற்குத்தான் இந்த அவசரம். கார்டை வங்கி ஆப்பிலேயே பிளாக் செய்து, வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள்.

பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதிவு. அங்கே மாநிலம் கேட்கும். பாகூர், கன்னியக்கோயில் பக்கம் வீடு, வங்கிக் கிளை மஞ்சக்குப்பத்தில் என்று இருப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். கிளை எங்கே என்று பார்க்காமல் நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் போடுங்கள்: பாகூர் என்றால் புதுச்சேரி, ரெட்டிச்சாவடி என்றால் தமிழ்நாடு. காவல் நிலையத்தில் 'இது அந்தப் பக்கத்து எல்லை' என்று திருப்பினால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173-ஆம் பிரிவு சொல்கிறது என்று நினைவுபடுத்தலாம்.

2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த பொறுப்பு விதிப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வெளியே கசிந்தது என்றால், வங்கித் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உச்சம் ரூ. 10,000 வரை உங்கள் தலையில். புகார் கொடுத்த 10 வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். ஓடிபியையோ பின் நம்பரையோ நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் நிமிடம் வரை போனது உங்களுடையது. ஆகவே அப்போதும் சீக்கிரம் சொல்வதுதான் லாபம்.

ஒரு எச்சரிக்கை. வங்கி வழியாகப் பணத்தைத் திரும்ப இழுத்தால் கேம் கம்பெனி உங்கள் கணக்கையே முடக்கக் கூடும், வாங்கி வைத்த கேம்கள் அத்தனையும் அதோடு போகும். தொகை சிறியதாக இருந்து, கணக்கு இன்னும் உங்கள் கையில் இருந்தால், முதலில் கம்பெனியின் ரீஃபண்ட் பக்கத்தில் கேளுங்கள். பிளே ஸ்டோரில் உங்களுக்குத் தெரியாமல் நடந்த வாங்கலை 120 நாளுக்குள் தெரிவிக்கலாம். ஆனால் கம்பெனி பதிலுக்குக் காத்திருக்கும்போது வங்கியின் 3 நாள் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். வங்கியில் தகவலாவது அன்றே பதிவாகட்டும்.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் ஒப்பவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க எண் 14448. வங்கிக்கு முதலில் கொடுத்த புகாரின் நகல் கட்டாயம் வேண்டும். கவுன்டரில் வாயால் சொன்னது அங்கே செல்லாது.