வல்லரசுப் போட்டிச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனிமத்துக்காக அமெரிக்காவும் சீனாவும் மோதுகின்றன என்று செய்தி வந்தாலே, சுரங்கம் எந்த நாட்டில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் தேடுகிறோம். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. உலகத்தின் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது, ஆனால் அதைச் சுத்திகரித்து பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் வேலை பெரும்பாலும் சீனாவில் நடக்கிறது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கத்தைப் பாருங்கள். காந்தங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் தேவையான அரிய மண் தனிமங்கள் அமெரிக்க மண்ணிலேயே கிடைத்தும், அவற்றைப் பிரித்தெடுக்கப் போதிய ஆலை இல்லாததால், தோண்டியதைப் பல வருடம் கப்பலேற்றி சீனாவுக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆலை யாருடையது என்று பார்க்காமல் பிடி யாரிடம் இருக்கிறது என்று சொல்லவே முடியாது.

அப்புறம் இலங்கையின் தென்கரையில் உள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகம். கடன் கட்ட முடியாத இலங்கையிடமிருந்து சீனா துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2017இல் சீன அரசு நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது உண்மை, அதற்குச் சுமார் 112 கோடி டாலர் வந்ததும் உண்மை. ஆனால் துறைமுகம் கட்ட சீனாவிடம் வாங்கிய கடன் அந்தப் பணத்தால் ரத்தாகவில்லை. பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் இலங்கையின் தலையிலேயே இருந்தது. சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்களின் சுமை அப்போது இதைவிடப் பெரியது. இப்படிச் சொன்னால் சீனாவுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கோபப்படுகிறார்கள். இல்லை. 99 வருடம் என்பது மூன்று நான்கு தலைமுறை, அதைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும், ஆனால் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

எல்லா நாட்டையும் ஏதாவது ஓர் அணியில் அடைக்கப் பார்ப்பதும் பலிக்காது. இந்தியா அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து குவாட் அமைப்பிலும் இருக்கிறது, ரஷ்ய எண்ணெயும் வாங்கியிருக்கிறது.

எனக்கு அதிகம் உறுத்துவது, மற்ற நாடுகளை வல்லரசுகள் நகர்த்தும் வெறும் சதுரங்கக் காய்களாக மட்டுமே பார்க்கிற பழக்கம். சின்னஞ்சிறு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டி தன் மண்ணில் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், சீனா என்று எல்லோருக்கும் ராணுவத் தளத்துக்கு இடம் கொடுத்து வாடகை வாங்குகிறது. இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாதுவை அப்படியே வெளியே அனுப்பக் கூடாது, வேண்டுமானால் இங்கே வந்து ஆலை கட்டுங்கள் என்று தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பு வரை போய் 2022இல் சாதகமான தீர்ப்பு வாங்கியும் இந்தோனேசியா விடவில்லை, மேல்முறையீடு செய்தது. ஆலைகளும் வந்தன. சரி, அப்படியானால் ஜெயித்தது இந்தோனேசியாதானே என்று அவசரப்பட்டுவிடாதீர்கள். அந்த ஆலைகளில் பெரும்பாலானவை சீன முதலீட்டில் எழுந்தவை, அவற்றுக்கு மின்சாரம் தருவது பெரும்பாலும் நிலக்கரி, அந்தப் புகையைச் சுவாசிப்பது சுலவேசித் தீவில் ஆலைப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள்.