புது ஏரியில் தூண்டில் போடும் முன்

டிரவுட் மீன் வேண்டுமென்றால் நீலகிரி மலையேற வேண்டும். சென்னை மாதவரத்துக்காரனான எனக்கு விராலும் ஜிலேபி மீனும்தான். பழகாத ஏரியில் ஆகாயத்தாமரை வேரில் தூண்டில் முள் மாட்டி, தூண்டில் நரம்பு அறுந்துகொண்டே இருந்தது, பெரிய தொல்லை.

இப்போது போனதும் முள் கட்டாமல் வெறும் ஈயக்குண்டை வீசி மெல்ல இழுத்துப் பார்க்கிறேன். சறுக்கிக்கொண்டு வந்தால் நல்ல தரை. கனத்து வந்தால் சேறு. கறுப்பு வேர் தொங்கி வந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

அப்புறம் சும்மா தண்ணீரைப் பார்ப்பேன். விரால் காற்று வாங்க மேலே வந்தே ஆகும். செடியோரம் ‘ப்ளக்’கென்று சத்தம் கேட்டு வளையம் விரிந்தால் இடம் தெரிந்துவிடும். அங்கே போலி இரையாக ரப்பர் தவளையை வீசுவேன். அதன் முதுகோடு முள் படிந்திருப்பதால் செடியில் சிக்காது. விலைதான் கொஞ்சம் உறுத்தும். ஜிலேபிக்கு மண்புழுவும் தக்கையும் போதும்.