ரோடு பைக் டயரை மாற்றுவது பயனுள்ளதா? சென்னையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான மெல்லிய டயர் சைக்கிள், வாங்கிய சில மாதங்களில், கம்பெனி போட்டுக் கொடுத்த டயரையே தேயும்வரை ஓட்டுவதா, காசைச் செலவழித்து நல்ல டயர் வாங்குவதா என்ற கேள்வி பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. வாங்கலாம் என்பதே என் கருத்து. கார்பன் சக்கரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு, கால் உணரும் மாற்றத்தைத் தருவது டயர் ஒன்றுதான். ஆனால் எந்தக் குறையைத் தீர்க்க மாற்றுகிறோம் என்று தெளிந்துகொள்ளாமல் வாங்கினால், விலை உயர்ந்த டயரும் நம்மைப் பஞ்சர் கடை வாசலில் நிறுத்திவிடும்.

செலவுக்கு முன் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண், அதற்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பே தவிர, அவ்வளவு காற்று பிடிக்க வேண்டும் என்ற பரிந்துரை அன்று. கல்போல் இறுக்கிய டயர், ஒட்டுப்போட்ட சாலையில் குதித்துக் குதித்துப் போகும். அந்தக் குதிப்பில் உங்கள் உழைப்பும் வீணாகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் சுமார் 70 முதல் 75 பிஎஸ்ஐ வரை, பின்சக்கரத்தில் சற்றுக் கூடுதலாக, வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். கை மரத்துப்போவதுதான் உங்கள் குறை என்றால், அது இதிலேயே தீர்ந்துவிடக் கூடும்.

நல்ல டயருக்கும் மலிவான டயருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையில் எடுத்தாலே அறியலாம். மலிவானதன் விளிம்புக்குள் இரும்புக் கம்பி இருப்பதால் அது அட்டைபோல் விறைத்து வட்டமாகவே நிற்கும். நல்லதை வேட்டிபோல் மடித்துப் பைக்குள் வைக்கலாம். சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் டயர் தரையில் நசுங்கி மீள்கிறது; முரட்டு நூலும் தடித்த ரப்பரும் கொண்ட டயர் அப்படி மீளும்போது ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. டயர் உருளும்போது எழும் தடையைக் குறிக்கும் உருள்தடைக் கெழு சாதாரண டயருக்கு 0.007, நல்ல டயருக்கு 0.004 என்று வைத்துக்கொண்டால், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ இருக்கையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுமார் 20 வாட் மிச்சமாகும். அதாவது, அதே உழைப்புக்கு மணிக்கு ஒரு கி.மீ.க்குச் சற்று அதிகமான வேகம் கிடைக்கும்; 60 கி.மீ. தூரத்துக்கு நான்கைந்து நிமிடம் குறையும். ஈசிஆரில் முட்டுக்காடு பாலத்தின் எதிர்காற்று அந்த லாபத்தை ஒரே மூச்சில் விழுங்கிவிடும் என்பது வேறு கதை.

சென்னையில் வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை பஞ்சர். சாலையோரத்துக் கண்ணாடிச் சில்லைவிட, லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது உதிரும் மெல்லிய எஃகுக் கம்பி கொடியது. ஒருமுறை இரண்டு டியூப் மாற்றியும் காற்று நிற்காமல், டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே வந்தபோதுதான், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பி முனையில் பஞ்சு சிக்கியது. அருகிலிருந்த கடைக்காரரோ, "சார், இந்த மூக்குக்கு நம்மகிட்ட பம்ப் இல்லையே" என்று கைவிரித்தார். பிரெஸ்டா என்னும் இந்த மெல்லிய மூக்கு வால்வு உள்ளவர்கள், சாதாரண பம்ப் பொருந்துவதற்கான சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்திருப்பது நல்லது.

ஆகவே, தினமும் ஓஎம்ஆரில் அலுவலகம் போய்வருபவர், கான்டினென்டல் கேட்டர்ஸ்கின் போன்ற தடித்த பாதுகாப்புப் பட்டையுள்ள டயரைத் தேர்ந்தெடுக்கலாம். அது சற்று மந்தமாக உருளும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஞாயிறு விடியலில் மட்டும் மாமல்லபுரம் வரை போகிறவருக்கு, அதே கம்பெனியின், 2018-இல் வந்த, வேகமாக உருளும் கிராண்ட் பிரீ 5000 வகை டயர் பொருந்தும். மழைக்கால ஈரத்தில் கண்ணாடி ரப்பரை எளிதாக அறுக்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் முதல் வகைக்கு மாறுபவர்களும் உண்டு. எனக்கு அது வீண் வேலையாகவே படுகிறது. மழைக்குப் பூ வேலைப்பாடுள்ள டயர்தான் வேண்டும் என்று தேட வேண்டியதில்லை; சைக்கிள் வேகத்தில் வழவழப்பான டயர் நீரில் மிதக்காது.

அளவில் 25-இலிருந்து 28 மி.மீ.க்குப் போவதையே பரிந்துரைப்பேன். 28-622 (டயரின் அகலமும், அது உட்காரும் ரிம்மின் விட்டமும், மி.மீ.இல்) என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதற்கு முன், பிரேக்கிலும் ஃபோர்க்கிலும் டயர் உரசாமல் அதைச் சுற்றி நான்கு மி.மீ. இடைவெளி மிஞ்சுமா என்று அளந்துகொள்ளுங்கள். பழைய ரிம் பிரேக் வண்டிகளில் இது இடிக்கக் கூடும். டயரின் விளிம்பைப் பிடிக்கும் உட்கொக்கி இல்லாத (ஹுக்லெஸ்) ரிம் என்றால், அதற்கு ஏற்றது என்று குறிப்பிட்ட டயரையே போட்டு, 5 பாருக்கு, அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றாதீர்கள்.

மாட்டும்போது அம்புக்குறியின் திசையைப் பார்த்து, டயரின் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி வையுங்கள்; பின்னால் டியூபில் ஓட்டை விழுந்தால், டயரில் எந்த இடத்தைத் தேடுவது என்பது உடனே தெரியும். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்து, வால்வருகே கட்டைவிரலால் முடிக்க வேண்டும். லீவரால் நெம்பினால் புது டியூப் கிள்ளுப்படும்.

பின்டயர்தான் முதலில் தேயும். அப்போது முன்னதைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, புதியதை முன்னால் போடுங்கள். கழற்றிய டயரை எறிவதற்கு முன், அதன் பக்கவாட்டிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டிப் பையில் வையுங்கள். வழியில் டயர் கிழிந்தால், உள்ளே அதை அணை கொடுத்து வீடு வந்து சேரலாம்.