குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பை நடத்தும் முறை: இலங்கையை முன்வைத்து

தொகைமதிப்பு என்றதும் வினாக்கொத்துடன் வீடு வீடாகச் செல்லும் அலுவலரே பலருக்கும் நினைவுக்கு வருவார். ஆனால் அவர் படலையைத் தட்டுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, வரைபடம் வரையும் மேசையிலும் வீட்டுப் பட்டியல் எழுதும் ஒழுங்கையிலும், அந்தத் தொகைமதிப்பு தேறுமா தவறுமா என்பது ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது. பிழையான வயதைப் பின்னர் திருத்தலாம், விடுபட்ட விடையை மறுபடி போய்க் கேட்கலாம். பட்டியலில் ஏறாத வீட்டுக்கோ எவரும் போகப்போவதில்லை. அது விடுபட்டது என்பதுகூடத் தெரியவராது. ஆகவே இவ்வேலையை ஏற்பவர்கள் தங்கள் காலத்திலும் பணத்திலும் பெரும்பங்கை முன்னாயத்தத்துக்கே ஒதுக்க வேண்டும்.

இலங்கையில் முதலாவது நவீன தொகைமதிப்பு 1871 மார்ச் 27 அன்று நடந்தது. அன்று எண்ணப்பட்டவர்கள் 2,400,380 பேர். பத்தாண்டுக்கு ஒரு முறை என்ற ஒழுங்கு அதன் பிறகு எல்லாக் காலத்திலும் காக்கப்படவில்லை. 1991இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18 மட்டுமே முழுமையாக எண்ணப்பட்டன. 1981க்குப் பிறகு தீவு முழுவதையும் எண்ண முடிந்தது 2012இல்தான். அடுத்தது 2021இல் நடந்திருக்க வேண்டும். பெருந்தொற்றாலும் பொருளாதார நெருக்கடியாலும் தள்ளிப்போய், 15ஆவது தொகைமதிப்பு 2024 ஒக்டோபரில் தொடங்கியது. திட்டமிடுபவர்கள் இவ்வரலாற்றைக் கவனத்தில் கொள்வது நல்லது. இரு கணக்கெடுப்புகளுக்கு இடையில் நீண்ட இடைவெளி விழுந்துவிட்டால், முந்தைய பட்டியலைக் கொஞ்சம் திருத்திப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, களத்தை முதலிலிருந்து நடந்து பார்க்க வேண்டியிருக்கும்.

காலத்தைத் தெரிவு செய்வதில் முதலில் பார்க்க வேண்டியது மழை. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்கையும் தெற்கையும் நனைக்கிறது. ஏறத்தாழ ஒக்டோபர் முதல் சனவரி வரையான மழை வடக்கையும் கிழக்கையும் வெள்ளத்தில் ஆழ்த்தக்கூடும். இரண்டுக்கும் நடுவே, பெப்ரவரி, மார்ச் மாதங்களில், நாடு முழுவதும் ஓரளவு உலர்ந்திருக்கும். 2012இல் களப்பணி நடந்ததும் அந்த இடைவெளியில்தான். 2024இல் களப்பணி மாரிகாலத்தில் விழுந்தது. நடுவில் நவம்பர் 14 அன்று பாராளுமன்றத் தேர்தல் வந்தது, அம்மாதக் கடைசியில் வடக்கிலும் கிழக்கிலும் பெருவெள்ளம் வந்தது. நாள் குறிக்கும்போது பரீட்சைகள், சித்திரைப் புத்தாண்டு, நோன்பு, தேர்தல் ஆகிய அனைத்தையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பார்த்து, மீதமிருக்கும் வாரங்களுள் ஒன்றை எடுக்க வேண்டும். மீதம் அதிகம் இராது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்தது நிலத்தைப் பிரித்தல். நாட்டின் மிகச் சிறிய நிருவாக அலகுகளான கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் சுமார் 14,000 உள்ளன. ஒவ்வொரு பிரிவையும் ஒரு கணக்கெடுப்பாளர் குறித்த காலத்துக்குள் முடிக்கக்கூடிய வட்டாரங்களாகப் பிரிக்க வேண்டும். வட்டார எல்லை புதிதாக வரும் ஒருவர்கூடக் கண்ணால் கண்டு அறியக்கூடியதாக, வீதியாகவோ வாய்க்காலாகவோ புகையிரதப் பாதையாகவோ இருக்க வேண்டும். வேலியையும் மரத்தையும் எல்லையாகக் கொண்டால் இரண்டு வட்டாரத்தாரும் ஒரே வீட்டுக்குப் போவார்கள், அல்லது இருவருமே போகமாட்டார்கள். செய்மதிப் படத்தைக் கொண்டு கூரைகளை எண்ணுவது உதவிதான். ஆயினும் தென்னந்தோப்பின் நிழலில் மறைந்த ஓலைக் குடிசையை அப்படம் காட்டாது, மாட்டுத் தொழுவத்தை வீடாகக் காட்டிவிடும்.

தீவு நாடு என்பதற்குள் இன்னும் பல தீவுகள் அடங்கியிருக்கின்றன. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு ஏறித்தான் போக வேண்டும். காற்று எழும் நாட்களில் படகு ஓடாது. இத்தகைய இடங்களுக்கு அன்றன்று போய்வரும் கணக்கெடுப்பாளரை அமர்த்துவதைவிட, அத்தீவிலேயே வசிக்கும் ஒருவரைப் பயிற்றுவித்து அமர்த்துவது மேல். மேற்பார்வையாளர் மட்டும் இரண்டு மூன்று நாள் அங்கே தங்கிச் சரிபார்க்கட்டும். மாலைதீவுக்கு இச்சிக்கல் இன்னும் பெரிது: அங்கே 2022இல் எண்ணப்பட்ட சுமார் 515,000 பேருள் ஏறத்தாழ 132,000 பேர் வெளிநாட்டவர். அவர்களுள் பலர் ஊரே இல்லாத உல்லாச விடுதித் தீவுகளில் வேலை செய்து அங்கேயே உறங்குபவர்கள் என்பதால், அத்தீவுகளுக்குத் தனிக் கணக்கெடுப்பு ஏற்பாடு வேண்டும்.

வட்டாரம் அமைந்த பின் கட்டடங்களுக்கு இலக்கமிட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். ஒரு மூலையில் தொடங்கி, வலப்புறம் உள்ள வேலியை விடாமல் பின்பற்றி நடந்தால் ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகப் பிரியும் ஊரிலும் எதுவும் தவறாது. கடைக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கலாம், பாடசாலைக்குள் காவலாளி தங்கியிருக்கலாம், பூட்டிய வீட்டின் சொந்தக்காரர் கனடாவில் இருக்கலாம். எதையும் வெளித்தோற்றத்தைக் கொண்டு தீர்மானிக்காமல் கேட்டு எழுத வேண்டும்.

இதற்கு மலையகத்து லயனைவிட, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டைவிட, நல்ல பாடம் இல்லை. முன்னுக்கு ஆறு, பின்னுக்கு ஆறு என முதுகோடு முதுகாகப் பன்னிரண்டு அறைகள் கொண்ட லயனை எடுத்துக்கொள்வோம். கட்டடம் ஒன்று, வீட்டலகுகள் பன்னிரண்டு. நான்காம் அறையில் தாயும் தகப்பனும் இருக்க, மணமான மகன் அதே அறையைப் பலகையால் தடுத்து மனைவியோடு இருக்கிறார். இவர்களை ஒரு குடித்தனமாக எழுதுவதா, இரண்டாகவா? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘உலை ஒன்றா, தனித்தனியா?’ சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் ஒரு குடித்தனம். மருமகள் தனி அடுப்பு மூட்டினால் ஒரே அலகுக்குள் இரண்டு குடித்தனங்கள். அடுத்த அறை காலியாயிருந்து இக்குடும்பம் அதையும் சேர்த்துப் புழங்கினால், அதையும் குறிப்பிட வேண்டும். இவ்வாறு கேளாமல், கதவுக்கு ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனால், மலையகத்தின் வீட்டு நெரிசல் பற்றிய புள்ளிவிபரம் முழுவதும் பொய்த்துப்போகும்.

யாரை எங்கே எண்ணுவது என்பதற்கு ஒரே விதியை நாடு முழுவதற்கும் வகுக்க வேண்டும். வழமையான வசிப்பிடத்தில் எண்ணுவதாயின், கடந்த பன்னிரண்டு மாதத்தில் பெரும்பகுதியை ஒருவர் எங்கே கழித்தார் என்பதைக் கேட்பது ஐக்கிய நாடுகளின் வழிகாட்டலுக்கும் பொருந்தும். பருவத்துக்குப் பருவம் கரை மாறி வாடி (தற்காலிகக் குடில்) அமைக்கும் மீனவர்களை வாடியில் ஒரு தடவையும் சொந்த ஊரில் ஒரு தடவையும் எண்ணிவிடும் ஆபத்து உண்டு. பலநாள் படகில் வாரக்கணக்கில் கடலில் நிற்பவர், வீட்டில் இல்லை என்பதற்காக விடுபட்டும் போகலாம். குவைத்தில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் தாயை, ‘அடுத்த மாதம் வந்துவிடுவார்’ என்று சொல்லிப் பிள்ளைகள் பட்டியலில் சேர்ப்பார்கள். விதியைக் கணக்கெடுப்பாளர் வாய்ப்பாடாகச் சொல்லத் தெரிந்திருந்தால் போதாது. இத்தகைய பத்துப் பதினைந்து நிலைமைகளைப் பயிற்சி வகுப்பில் கொடுத்து, ஒவ்வொன்றையும் எழுதச் செய்து திருத்த வேண்டும்.

வினாக்கொத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் தனித்தனியே களத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மொழிபெயர்த்த வினா காகிதத்தில் சரியாக இருந்தும் வாசலில் விளங்காமற்போவது வழக்கம். குடிநீர் பற்றிய வினா அப்படிப்பட்டது. வளவில் நல்ல கிணறு இருந்தும் குடிப்பதற்குப் பவுசரில் (தண்ணீர்த் தாங்கி வண்டியில்) வரும் நீரை நம்பியிருக்கும் வீடுகள் வடக்கில் உண்டு. ‘தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் கிணறு என்றே விடை வரும். குடிக்கும் தண்ணீர் எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். இனம் பற்றிய வினாவில், விடையளிப்பவர் தம்மை எவ்வாறு சொல்கிறாரோ அவ்வாறே எழுத வேண்டும். 1911 முதல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று வகைகள் பிரிந்தே இருந்துவருகின்றன. பெயரையோ ஊரையோ பார்த்துக் கணக்கெடுப்பாளர் தாமாக ஒரு வகையில் தள்ளுவது, என் கருத்தில், வீட்டைத் தவறவிடுவதற்கு அடுத்த பெரும் பிழை.

வயதைக் கேட்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். ‘வயதென்ன?’ என்றால் நாற்பது, நாற்பத்தைந்து என்று முழுமையாக்கியே பலர் சொல்வார்கள். பிறந்த தேதியைக் கேட்டு, இயலுமானால் தேசிய அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 67545 என்று தொடங்கினால், 1967ஆம் ஆண்டின் 45ஆவது நாளில், அதாவது பெப்ரவரி 14 அன்று பிறந்த பெண். அட்டையைக் காட்ட விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. போர்க்காலத்தில் பெயர்ப்பட்டியல் கேட்டு வந்தவர்களை மறக்காத ஊர்களில், எழுதுவது வேறெவருக்கும் கொடுக்கப்படமாட்டாது என்று சட்டம் சொல்வதை முதலிலேயே விளக்கிவிட்டு, அதன் பிறகே முதல் வினாவைக் கேட்க வேண்டும்.

2024இல் காகிதத்துக்குப் பதிலாகக் கைக்கணினி பயன்பட்டது. தாய்க்கும் பிள்ளைக்கும் வயது வித்தியாசம் பத்து என்று பதிந்தால் கருவி அங்கேயே தடுத்துக் கேட்கும். முன்பு இப்பிழை மாதங்கள் கழித்து அலுவலகத்தில்தான் தெரியவரும். ஆனால் வலையமைப்பு இல்லாத இடத்திலும் தரவைச் சேமிக்கவும், மின்சாரம் போனால் மாற்று மின்கலத்தில் ஓடவும், கருவி பழுதானால் மறுநாளே காகிதத்தில் தொடரவும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

கணக்கெடுப்பு வாரக்கணக்கில் நீண்டாலும், எண்ணப்படும் கணம் ஒன்றே. 2024க்கு அது டிசம்பர் 19 நள்ளிரவு. அக்கணத்துக்கு முன் பிறந்த குழந்தை சேரும், பின் பிறந்தது சேராது. பின் இறந்தவர் சேருவார். முன்னதாக எண்ணிய வீடுகளுக்கு அக்கணம் கடந்ததும் மீண்டும் சென்று இம்மாற்றங்களைப் பதிய வேண்டும். வைத்தியசாலையிலிருந்து இன்னும் வீடு வராத சிசுவைப் பெற்றோரே மறந்துவிடுவதுண்டு. ‘கைக்குழந்தை யாரும் உண்டா?’ என்று தனியாகக் கேளுங்கள். வீடற்றவர்களை, பேருந்து நிலையத்திலும் கடைத் தாழ்வாரத்திலும் கோயில் மடத்திலும், அந்த ஓர் இரவிலேயே எண்ணி முடிக்க வேண்டும். மறுநாள் அவர்கள் வேறிடத்தில் இருப்பார்கள்.

களப்பணி முடிந்து சில வாரங்களுக்குள், முதற்குழுவோடு தொடர்பில்லாத வேறொரு குழுவைக் கொண்டு, எழுமாறாகத் தெரிந்த வட்டாரங்களில் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டையும் பெயர் பெயராகப் பொருத்தினால் எத்தனை பேர் விடுபட்டார்கள், எத்தனை பேர் இருமுறை எண்ணப்பட்டார்கள் என்பது தெரியும். முதலில் எண்ணியவரையே அனுப்பினால் அவர் தம் பழைய விடையையே கொண்டுவருவார். வயதுப் பதிவு எவ்வளவு நம்பகமானது என்பதை விப்பிள் குறியீடு சொல்லும்: 0, 5 என முடியும் வயதுகளின்பால் சாய்வு இல்லையெனில் 100, எல்லோரும் அவ்வயதுகளையே சொன்னால் 500.

முதல் முடிவை விரைவாக வெளியிட வேண்டும். 2024க்கான முதற்கட்டத் தொகை 21,763,170 என்று 2025இல் வெளியானது. எண்ணோடு எல்லைகளின் வரலாற்றையும் சேர்த்தே அச்சிட வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 1981இல் 830,552 பேர் என்று அந்நாளைய அறிக்கை கூறும். 2012இல் அது 583,000க்குச் சற்று மேல். ஆனால் 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய எல்லைக்குள் 1981இல் இருந்தவர்கள் 738,788 பேர். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணை. எல்லை மாறிய ஒவ்வொரு பிரிவுக்கும் பழையதையும் புதியதையும் பொருத்திக் காட்டும் அட்டவணையை இப்போதே தயாரித்து, வட்டார வரைபடங்களோடு பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டால், அடுத்த தொகைமதிப்புக்கு வருபவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.