ஜம்பியா பிடிச்சு யேமன் 'பரா' ஆடுறது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

யேமன் மலைப்பக்கத்து ஆளுங்ககிட்ட போய் பராவ டான்ஸ்னு சொல்லிடாதீங்க, டான்ஸுக்கு ரக்ஸ்னு தனி வார்த்தை வச்சிருக்காங்க, இது அவங்க குலத்தோட கெத்து. கல்யாணம், பெருநாள்னா ஆம்பளைங்க கையில கத்தியோட வரிசை கட்டி இறங்கிடுவாங்க.

கத்தி பேரு ஜம்பியா. வளைஞ்சிருக்கும், ரெண்டு பக்கமும் கூர். அந்தக் காலத்துல உசத்தியான பிடின்னா காண்டாமிருகக் கொம்புதான், 1982ல அந்தக் கொம்பு இறக்குமதிய யேமன் தடை பண்ணிடுச்சு. நமக்கு இப்போதைக்கு மர ஸ்கேல் போதும். நிஜக்கத்திய முதல் மாசம் தொடவே தொடாதீங்க.

ஸ்டெப் 1: காது. ரெண்டு மேளம் இருக்கும், தாசாவ குச்சியால படபடன்னு அடிப்பாங்க, மர்ஃபா தொம்முனு கேக்கும். புதுசா வர்றவங்க தாசா பின்னாடி ஓடி காலைக் கோட்டை விடுவாங்க, நீங்க மர்ஃபாவ புடிச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: கால். முட்டிய லேசா மடக்கி வச்சு சின்னச் சின்ன அடி, நடுவுல குட்டித் துள்ளல். இடுப்பு, தோள் தனியா ஆடக்கூடாது, உடம்பு மொத்தமா ஒரே கட்டையா திரும்பணும். ஊருக்கு ஊர் அடி மாறும், அதனால ஒரே ஊர் வீடியோவ மட்டும் பாத்துப் பழகுங்க. ஓமன் தோஃபார்லயும் பரான்னு ஒன்னு இருக்கு, 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது, ஆனா அங்க ஆணும் பொண்ணும் அரைவட்டமா நின்னு பாடி கைதட்ட, ஒன்னு ரெண்டு பேர்தான் கஞ்சர்ங்கிற அவங்க ஊர்க் கத்தியோட ஆடுவாங்க, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஸ்டெப் 3: கை. வலது கைல பிடிச்சு தோளுக்கு மேல தூக்கிக்கோங்க, சுழட்டுறது மணிக்கட்டு மட்டும்தான், முழங்கைய வீசுனா பக்கத்து ஆளு காலி. ஃபேனுக்கு கீழ வேண்டாம், என் ஸ்கேல் ரெண்டு துண்டாச்சு.

ஸ்டெப் 4: வரிசை. ஓரத்துல நில்லுங்க, கண்ணு நடுவுல நிக்கிற தலைவர் மேல. அவர் திரும்புனா திரும்பணும், அரை பீட் லேட்டானாலும் கத்தி அடுத்தவன் மூஞ்சிக்கு நேரா நிக்கும். போகப்போக ஸ்பீடு ஏறும், ஆளுங்க ஒவ்வொருத்தரா கழண்டுப்பாங்க, மூச்சு வாங்குச்சுன்னா நீங்களும் வந்துடுங்க, வெக்கமே இல்ல.

கத்திய உறைல வைக்கிறப்ப மட்டும் குனிஞ்சு பாத்து வைங்க. உறை வயித்துக்கு நேரா நிமிந்து நிக்கும், பழகுனவங்க பாக்காமயே சொருகுவாங்க, அத மட்டும் காப்பி அடிக்காதீங்க.