ஆஃபர் லெட்டர் அசலா? ஹெட்டரைத் திறந்து பாருங்கள்

கீழக்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் ஒருவராவது போனை நீட்டி, "காக்கா, இந்த மெயில் ஒரிஜினல்தானா?" என்று கேட்பார். துபாயோ கத்தாரோ ஏதோ ஒரு கம்பெனியின் பெயர், லோகோ, சீல் குத்திய பிடிஎஃப், கடைசியில் விசா செலவுக்கு இவ்வளவு அனுப்புங்கள் என்று ஒரு வரி. லோகோவையும் சீலையும் நம்பாதீர்கள், அதெல்லாம் என் கடையிலேயே பத்து நிமிட வேலை. பார்க்க வேண்டியது மெயிலின் ஹெட்டரை, அதாவது யாரிடமிருந்து எந்த வழியாக வந்தது என்று மெயிலோடு சேர்ந்தே வரும் குறிப்பை.

அதற்காக அந்த மெயிலை எனக்கு ஃபார்வர்டு செய்ய வேண்டாம். ஃபார்வர்டு செய்தால் உங்களிடமிருந்து என்னிடம் வந்த வழிதான் ஹெட்டரில் இருக்கும், மெயிலை முதலில் அனுப்பியவனிடமிருந்து வந்த வழி இருக்காது. ஸ்கிரீன்ஷாட்டும் உதவாது. கம்ப்யூட்டர் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின் வலது பக்கம் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும் (போன் ஆப்பில் அது கிடையாது, தேடாதீர்கள்). மேலே ஒரு சின்ன அட்டவணை, கீழே பார்த்தாலே தலை சுற்றுகிற மாதிரி எழுத்துக் குவியல். அதில் நமக்கு வேண்டியது நாலைந்து வரிதான்.

'ஃப்ரம்' வரி கருவாட்டுப் பெட்டியின் மேல் மார்க்கரில் எழுதிய பெயர் மாதிரி, யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் எழுதலாம். மெயில் போய்ச்சேரும் எஸ்எம்டிபி முறையை 1982-இல் வகுத்தபோது, அனுப்புகிறவன் சொல்வது நிஜமா என்று பார்க்க அதில் எந்த ஏற்பாடும் வைக்கவில்லை.

சமீபத்தில் ஒரு பையன் வந்தான், எலக்ட்ரீஷியன். 'ஃப்ரம்' வரியில் கம்பெனியின் சரியான முகவரியே இருந்தது. ஆனால் 'ரிப்ளை-டு' வரியில் இலவசமாகத் திறக்கிற ஒரு சாதாரண மெயில் ஐடி, அதாவது இவன் பதில் எழுதினால் அது கம்பெனிக்குப் போகாது. 'ரிட்டர்ன்-பாத்' வரியில், அதாவது போய்ச்சேராத மெயில் திரும்பி வர வேண்டிய முகவரியில், சம்பந்தமே இல்லாத வேறொரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்). அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பையனோ அட்டவணையைக் காட்டி, "எஸ்பிஎஃப் பாஸ்னு போட்டிருக்கே காக்கா" என்றான்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்குத்தான் அனுமதி என்று டொமைன்காரர் வெளியிடும் பட்டியல்தான் எஸ்பிஎஃப். அது சோதிப்பது 'ரிட்டர்ன்-பாத்' டொமைனை, நம் கண்ணில் படும் 'ஃப்ரம்' டொமைனை அல்ல. திருடன் தன் சொந்த டொமைனிலிருந்து ஒழுங்காக அனுப்பினால் பாஸ்தான் ஆகும். டிகேஐஎம் என்பது டொமைன் போடும் டிஜிட்டல் கையெழுத்து, அதில் எந்த டொமைன் போட்டது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது பாஸாகி, அந்த டொமைன் 'ஃப்ரம்' டொமைனோடும் பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். பையனுடைய மெயிலில் டிமார்க் ஃபெயில். ஸ்பாமில் கிடந்ததை அவனேதான் இன்பாக்ஸுக்கு இழுத்துப் போட்டிருக்கிறான்!

அப்புறம் 'ரிசீவ்டு' வரிகள். மெயில் கடந்து வரும் ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்த்துக்கொண்டே போவதால் பயணத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நம்பத்தக்கது நம்முடைய மெயில் சர்வர் எழுதிய வரிதான், ஜிமெயில் என்றால் கூகுள் எழுதியது. மெயிலை அதன் கையில் கொடுத்த சர்வரின் ஐபி எண் (இணையத்தில் அதன் முகவரி) அதில் சதுர அடைப்புக்குள் இருக்கும். அதற்குக் கீழே இருப்பதை அனுப்பியவனே ஜோடித்திருக்கலாம். அந்த வரிகளில் இருக்கும் நேரத்தில் துபாய் நேரம் +0400, நம்முடையது +0530 என்று பார்த்து உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், கூகுள் சர்வர்கள் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தை எழுதுவதும் உண்டு.

எஸ்பிஎஃப் ஃபெயில் என்றாலே மோசடி என்றும் இல்லை, நேர்மையான மெயிலே வேறொரு முகவரி வழியாகத் தானாகத் திருப்பிவிடப்பட்டு வந்தால் அப்படி ஆகும். அதேபோல மூன்றும் பாஸ் என்றாலும் உத்தரவாதம் இல்லை. கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் 'கேரியர்ஸ்' என்ற சொல்லும் சேர்த்து எவனும் புது டொமைன் வாங்கலாம், மூன்றும் ஜோராகப் பாஸாகும். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி அடித்தால் எம் மாதிரியே தெரியும். அதனால் டொமைனை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

இதைவிட மோசம், நிஜமான ஆளின் மெயில்பெட்டியையே திருடிக்கொள்வது. மண்டபம் பக்கம் நண்டு வாங்கி ஏற்றுமதி செய்கிறவருக்கு வெளிநாட்டு வியாபாரியிடமிருந்து, "முன்பணத்தை இந்தப் புது அக்கவுண்டுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று மெயில் வந்தால் ஹெட்டரில் ஒரு குறையும் தெரியாது. அங்கே ஹெட்டர் படித்துப் பயனில்லை, ஏற்கெனவே தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

வளைகுடா வேலை என்றால், ஆள் எடுக்கிற ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இமைகிரேட் தளத்திலும் பாருங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கோபத்தில் மெயிலை அழித்துவிடவும் வேண்டாம், 'ஷோ ஒரிஜினல்' பக்கத்திலேயே 'டவுன்லோடு ஒரிஜினல்' இருக்கிறது. அந்த ஃபைலைப் பென்டிரைவில் போட்டு எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை, பிரிண்ட் எடுத்தால் மட்டும் பக்கத்துக்கு மூன்று ரூபாய்.